முத்திரைத்தாளில் முறியுமா திருமணம்?

மாலை நேரம். படிப்பகத்திலே தோழர்கள் நாலைந்து பேர் ஏடுகளைப் புரட்டிக் கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. பெண்ணின் தகப்பனார், மாப்பிள்ளையின் அண்ணன், இரு பக்கத்துப் பெரியவர்கள். சற்றுத் தள்ளி, முந்தானை நுனியைக் கையில் சுருட்டியபடி அந்தப் பெண்.

"செயலாளர் அண்ணே, ரெண்டு பேருக்கும் ஒத்து வரலே. பேசி முடிச்சிட்டோம். நீங்க நாலு வரி எழுதி, சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் போட்டுட்டா தீர்ந்துது."

முத்திரைத்தாள் தயாராக வந்திருக்கிறது. கிளைச் செயலாளரும் எழுதுகிறார். "இன்று முதல் நம் இருவருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை, இருவரும் அவரவர் விருப்பப்படி மறுமணம் செய்துகொள்ளலாம், ஒருவர்மேல் ஒருவர் எந்த வழக்கும் தொடுப்பதில்லை." பெண் கையெழுத்திடுகிறாள். தாலி ஒரு பக்கம் போகிறது, சீர்ப் பாத்திரங்கள் ஒரு பக்கம் போகின்றன. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள்.

ஊர்தோறும் நடக்கின்ற காட்சிதான். எழுதிக் கொடுத்த தோழர்களை நாமும் அறிவோம். கூலியை எதிர்பார்த்து எழுதியவர்களல்லர். ஒரு குடும்பத்துத் தொல்லை தீரட்டுமே என்று எழுதியவர்கள். ஆனால் தோழர்களே, அந்தத் தாள் செல்லாது! வக்கீல் எழுதினாலும் செல்லாது. நோட்டரி முத்திரை குத்தினாலும் செல்லாது. திருமண ஒப்பந்தம், மணவிலக்குப் பத்திரம் ஆகியவற்றை எழுதிக் கொடுப்பது நோட்டரியின் வேலையே அல்ல என்று ஒன்றிய அரசின் சட்டத்துறையே 2024 அக்டோபரில் எழுதி அறிவித்தது. திருமணத்தை முறிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

செல்லாவிட்டால் என்ன, யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்பார் சிலர். கேட்கும் நாள் வரும். வருகிற விதத்தையும் சொல்கிறோம்.

அந்த ஆலைத் தொழிலாளி மறுமணம் செய்துகொள்கிறான். புது மனைவிக்கு இரண்டு குழந்தைகள். பத்தாண்டு ஓடுகிறது. ஒரு நாள் எந்திரம் அவன் உயிரைக் குடிக்கிறது. இழப்பீடு, வைப்பு நிதி, பணிக்கொடை, குடும்ப ஓய்வூதியம் என்று உயிரைக் கொடுத்துச் சேர்த்த பணம் கணக்கில் நிற்கிறது. ஆலை வாசலிலே இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். அவனோடு பத்தாண்டு வாழ்ந்தவளைச் சட்டம் மனைவி என்று ஏற்பதில்லை. முதல் திருமணம் உயிரோடு இருக்கும்போது நடந்த இரண்டாம் திருமணம், 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி, திருமணமே அல்ல! பிள்ளைகளை மட்டும் சட்டம் கைவிடவில்லை. அந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அவர்களைச் சட்டப்படி பிறந்தவர்களாகவே ஏற்கிறது. பெற்றோர் பங்கில் அவர்களுக்கு உரிமை உண்டென்று 2023இல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அவர்களைப் பெற்றவள் கதி? அவளுக்குத்தான் பதில் இல்லை.

அவன் உயிரோடு இருந்தாலும் நிம்மதி இல்லை. முதல் மனைவி புகார் கொடுத்தால் இருதாரக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 494ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் வாயில் நுழையாத வடமொழிப் பெயரோடு வந்திருக்கிறதே, அந்தப் புதிய சட்டத்தில் 82ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. பெயர் மாறினாலும் தண்டனை மாறவில்லை: ஏழு ஆண்டு வரை சிறை.

கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு வரும் கேடு இன்னும் நுட்பமானது. அந்தத் தாள் அவளுக்கு விடுதலை தராது. ஆனால் நாளை அவள் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டால், "சம்மதித்துத்தானே பிரிந்தாள், எழுதியே கொடுத்திருக்கிறாளே" என்று வாதாட எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதே தாள் கைகொடுக்கும். ஏனெனில் இருவரும் ஒத்துப் பிரிந்து வாழும் மனைவிக்கு குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஜீவனாம்சம் இல்லை. விடுதலை தராத தாள், சோற்றுக்கு மட்டும் உலை வைக்கிறது. எழுதியது யார் கை? நம் தோழரின் கை!

இதைச் சொல்லும்போது நமக்கு வேதனை மிகுதி. ஏனென்றால் மணவிலக்கு உரிமைக்காகக் குரல் கொடுத்த இயக்கம் இது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, கணவனாயினும் மனைவியாயினும் ஒத்துவராத மண வாழ்விலிருந்து விலகிக்கொள்ள உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அன்று வைதீகம் கொதித்தது. விவாகம் சம்ஸ்காரம், ஏழேழு பிறவிக்கும் தொடரும் பந்தம், அதை முறிப்பதாவது என்று கூவியது. பெரியார் அந்த உரிமைக்கு இட்ட பெயரே "கல்யாண விடுதலை". 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் அந்தத் தலைப்பிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் இடையிலே சொல்ல வேண்டும். பிறவிதோறும் தொடரும் பந்தம் என்பது மேல்தட்டின் சாத்திரம். உழைத்து உண்ட மக்களிடையே, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் துரும்பை முறித்துக் கொடுத்துத் தீர்த்துவிடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. பிரிந்த பெண் மறுமணம் செய்வதும் பல சாதிகளில் பழியாக எண்ணப்படவில்லை. அந்த வழக்காற்றை 1955ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 29ஆவது பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. "அப்படியானால் பஞ்சாயத்துத் தீர்வை செல்லுமே!" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். எங்கள் சாதியில் தொன்றுதொட்டு, இடைவிடாமல், இன்ன முறையில் இந்த வழக்கம் உண்டு என்று யார் சொல்கிறாரோ அவரே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 2002இல் உச்சநீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. இன்று அதை நிரூபிக்கச் சாட்சிக்கு எங்கே போவது? துரும்பை மறந்து முத்திரைத்தாளைப் பிடித்துக்கொண்ட நாளிலேயே அந்தக் கதவு பாதி மூடிவிட்டது.

சட்டம் மெல்லத்தான் நகர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1949இல் இருதாரத் தடையும் மணவிலக்கும் சேர்ந்த சட்டம் வந்தது. டில்லியிலே இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை வைதீகர்கள் முடக்க, டாக்டர் அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். அதற்கு அந்த மசோதாவின் முடக்கமும் ஒரு காரணம். 1955இல் இந்து திருமணச் சட்டம் பிறந்தது. அப்போதும் கொடுமையைக் காட்டி மணவிலக்குக் கேட்க வழியில்லை. நீதிமன்றம் பிரிந்து வாழ மட்டுமே அனுமதித்தது. 1976இல் வந்த திருத்தத்தில்தான் கொடுமையும், கைவிடுதலும் மணவிலக்குக்குக் காரணங்களாயின. இருவரும் ஒத்துக் கேட்கும் மணவிலக்கும் அன்றுதான் வந்தது.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்ட தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "நாங்கள் மாலை மாற்றி மணந்தோம், மாலையைக் கழற்றினால் முடிந்தது, கோர்ட்டு எதற்கு?" அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய திருத்தம், அந்தத் திருமணத்துக்கு முழுச் சட்ட மதிப்புத் தந்தது. அந்தச் சட்டம் வரும்வரை அத்தகைய திருமணங்களை நீதிமன்றங்கள் ஏற்க மறுத்த அவமானத்தை மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். போராடிப் பெற்ற மதிப்பு அது. ஐயர் வைத்து நடந்த திருமணம் எந்த மன்றத்தில் முறியுமோ, அதே மன்றத்தில்தான் நம்முடையதும் முறியும்.

சரி, மன்றத்துக்குப் போவதென்றால் எப்படி?

குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அங்கே. இல்லாத பகுதியில் சார்பு நீதிமன்றத்தில். திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பார் வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் எங்கு வேண்டுமானாலும் மனுச் செய்யலாம். 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம். தாய் வீட்டுக்குத் திரும்பிய பெண், கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. திருமணமாகி ஓராண்டு முடியாமல் மனுச் செய்ய முடியாது. தாங்க முடியாத கொடுமை என்றால் அனுமதி கேட்கலாம்.

இருவருக்கும் மனம் ஒத்துவிட்டதா? முத்திரைத்தாளோடு வருகிறவர்களில் பலர் இந்த வகைதான். இவர்களுக்குச் சட்டமே எளிய வழி வைத்திருக்கிறது: 13பி பிரிவு. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தில் பேசிய பேச்சையெல்லாம், அதாவது ஜீவனாம்சம் எவ்வளவு, குழந்தை யாரிடம், யார் எப்போது பார்ப்பது, நகையும் சீரும் எப்போது திரும்பும் என்பதையெல்லாம் அந்த மனுவில் எழுதலாம். பெரியவர்கள் பேசித் தீர்த்தது வீணாகாது, தாள்தான் மாறுகிறது! பிறகு ஆறு மாதம் பொறுத்து, 18 மாதத்துக்குள், இருவரும் மீண்டும் நீதிபதி முன் நின்று "எங்கள் எண்ணம் மாறவில்லை" என்று சொல்ல வேண்டும். அதுவரை இருவரில் எவரும் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கட்டாயத்தில் கையெழுத்திட்ட பெண்ணுக்கு அந்த இடைவெளி ஒரு கேடயம். முத்திரைத்தாளில் ஏது அந்தக் கேடயம்?

அந்த ஆறு மாதமும் இரும்பு விதியல்ல. மனுச் செய்யும்போதே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, எல்லாவற்றையும் பேசி முடித்து, இனிச் சேர வழியே இல்லை என்று தெரிந்தால் நீதிபதி அந்தக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒருவர் கேட்டு மற்றவர் மறுத்தால் வழி நீளம். காரணம் காட்ட வேண்டும். காட்டிய காரணத்தை நிரூபிக்கவும் வேண்டும். பிறர் தொடர்பு, கொடுமை, இரண்டாண்டு கைவிடுதல், மதம் மாறுதல், குணமாகாத மனநோய், ஏழாண்டாக உயிரோடு இருப்பதாகவே செய்தி இல்லாமை என்று காரணங்கள் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. கொடுமை என்றால் அடியும் உதையும் மட்டுமல்ல. மனத்தைக் கொல்லும் கொடுமையும் கொடுமையே. தொழுநோயும் இந்தப் பட்டியலில் இருந்தது! மருந்தால் குணமாகும் நோயை 2019 வரை அதில் வைத்திருந்தார்கள் என்பது வெட்கக்கேடு.

மனு பதிவானதும் எதிர்த்தரப்புக்குச் சம்மன் போகும். இங்கேதான் டீக்கடை வக்கீல்கள் புகுந்து விளையாடுகிறார்கள். "சம்மனை வாங்காதே; வாங்காவிட்டால் கேசே நிற்காது" என்று ஓதுவார்கள். நிற்கும், தோழரே! கதவில் ஒட்டுவார்கள், ஏட்டில் விளம்பரம் செய்வார்கள், பிறகு வராதவரை வராதவர் என்றே எழுதிவிட்டு ஒருதலைத் தீர்ப்பு வழங்குவார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: தவறான முகவரி கொடுத்து, மனைவிக்குத் தெரியாமலே தீர்ப்பு வாங்கும் புத்திசாலிகள். சம்மன் தனக்கு வந்து சேரவே இல்லை என்று காட்டி அந்தத் தீர்ப்பை நீக்கக் கோரலாம். ஆனால் தெரிந்த உடனே ஓட வேண்டும்; ஆறப்போடக் கூடாது.

இரு தரப்பும் வந்தால், முதலில் சேர்த்து வைக்கும் முயற்சி. ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசவைப்பார். அது சட்டம் நீதிபதிக்கு இட்ட கடமை. சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டளையல்ல. பிறகு பதிலுரை, சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. ஊரார் கூடிக் கேட்குமாறு அங்கே குடும்பக் கதையை விரிக்க வேண்டியதில்லை. இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் விசாரணை மூடிய அறையில்தான். பஞ்சாயத்துத் திண்ணையில் ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை ஊரே கூடி அலசுகிறதே, அந்த இழிவு அங்கே இல்லை.

தீர்ப்பு வந்த மறுநாளே மாலையும் கழுத்துமாக நிற்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு இந்து திருமணச் சட்டம் 90 நாள் தந்திருக்கிறது. அது கடந்த பிறகோ, மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் மறுமணம்.

வழக்கு நடக்கும்போது வயிறு காத்திருக்குமா? 24ஆவது பிரிவின்படி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். நோட்டீசு சேர்ந்த 60 நாளுக்குள் இதை முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எண்ணம். வருமானமில்லாத கணவனும் கேட்கலாம். சட்டம் அங்கே ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை. இரு தரப்பும் தம் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் 2020இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சம்பளச் சீட்டை மறைக்கும் வித்தை முன்போல் பலிக்காது. மணவிலக்கான பிறகும், மறுமணம் செய்துகொள்ளாத, தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத பெண்ணுக்கு ஜீவனாம்ச உரிமை உண்டு.

வேறு மதத்துத் தோழர்களுக்கு வேறு சட்டங்கள். கிறித்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம். அதிலே கணவன் மனைவியின் பிறர் தொடர்பை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்துக் காட்ட வேண்டும். இந்த ஓரவஞ்சனையை நீக்க 2001 வரை, 132 ஆண்டுகள் ஆயின! முஸ்லிம் பெண் மணவிலக்குக் கேட்க 1939ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2017இல் உச்சநீதிமன்றத்தால் செல்லாததாயிற்று. சாதி மதம் கடந்து பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்.

இவ்வளவு வழி இருந்தும் ஏன் மக்கள் முத்திரைத்தாளைத் தேடுகிறார்கள்? மடமையாலா? அல்ல. பாட்டாளிக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் கூலி! பேருந்துக் கட்டணம், சாப்பாடு, வக்கீல், குமாஸ்தா. காலையில் போய் உட்கார்ந்தால் மாலையில் "அடுத்த மாதம்" என்ற ஒரு சொல்லோடு திரும்புகிறான். ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 21பி பிரிவு சொல்கிறது. சொன்ன சட்டம் புத்தகத்திலே, சொல்லுக்குக் காத்திருப்பவன் நீதிமன்ற வேப்பமரத்தடியிலே! அடியோடு முறிந்துபோன மண வாழ்வு என்பதையே மணவிலக்குக்குக் காரணமாக்குங்கள் என்று சட்ட ஆணையம் 1978இலேயே பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் இன்னும் அதைச் சட்டத்தில் சேர்க்கவில்லை. அந்தக் காரணத்துக்காக மணத்தை முறிக்கும் அதிகாரம், அரசியல் சட்டத்தின் 142ஆவது பிரிவின்படி தனக்கு உண்டென்று உச்சநீதிமன்றம் 2023இல் சொன்னது. டில்லி வரை போகக் காசுள்ளவனுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளி டில்லிக்கு எப்படிப் போவான்? இதைக் கேட்டுக் குரல் எழுப்புவதும் நம் வேலைதான்.

அதுவரை இருக்கிற வழியைப் பயன்படுத்த வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவைத் தோழர்கள் படித்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கு, தாழ்த்தப்பட்டோருக்கு, பழங்குடியினருக்கு, ஆலைத் தொழிலாளருக்கு அது இலவச வக்கீல் தருகிறது. ஆம், தொழிற்சாலைத் தொழிலாளி என்று தனியாகவே எழுதியிருக்கிறது! பெண்ணுக்கு வருமானக் கணக்கே கேட்பதில்லை. எத்தனை சங்க அலுவலகங்களில் இது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது?

ஆகவே, அடுத்த முறை முத்திரைத்தாளோடு யாரேனும் வந்தால், செயலாளர் பேனாவை எடுக்கட்டும். ஆனால் வேறொன்றை எழுதட்டும். திருமணம் நடந்த நாள், நடந்த ஊர், பிரிந்த நாள், பிள்ளைகளின் பிறந்த தேதி, கொடுத்த நகை, பாத்திரம், ரொக்கம். அழைப்பிதழும் திருமணப் படமும் பதிவுச் சான்றும் இருந்தால் எடுத்துவரச் சொல்லட்டும். அந்தப் பெண்ணைத் தனியே ஒரு பெண் தோழரிடம் பேச விடட்டும்: உன் விருப்பம்தானா அம்மா என்று கேட்கட்டும். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகட்டும். போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம். மனு எழுதுவதற்கு அங்கே வக்கீல் கிடைப்பார், கட்டணம் இல்லை.